பில் போடாத கணக்கு

“கொஞ்சம் கருவேப்பிலை இருக்காத்தா?”

2020 ஏப்ரலில், ஒரு ராத்திரி பத்து மணிக்கு மேல், என் அம்மா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்ட கேள்வி இது. அந்த நேரத்தில் எங்கள் வீட்டு பிரிட்ஜில் ஒரு கட்டு கருவேப்பிலை ஈரத் துணியில் சுற்றி பத்திரமாக இருந்தது. ராத்திரி பத்து மணிக்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் தாளிப்பதும் இல்லை. அம்மா ஏன் போய்க் கேட்டாள் என்பதை அப்புறம் சொல்கிறேன். இந்த வாரம் நான் எழுத உட்கார்ந்தது ஒரு பொருளாதார ஆராய்ச்சிக் கட்டுரையைப் பற்றி.

பயந்துபோய் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நானும் பி.காம்.தான். டே புக், லெட்ஜர், டிரையல் பேலன்ஸ் தாண்டி பெரிதாக எதுவும் தெரியாது. ஆனால் ஒரு கணக்கை நீட்டினால், அதில் எது எழுதியிருக்கிறது என்பதைவிட எது எழுதாமல் விட்டிருக்கிறது என்று தேடும் கெட்ட பழக்கம் மட்டும் போகவில்லை. அந்தப் பழக்கத்தோடு இந்தக் கட்டுரையைப் படித்தேன். படித்து முடித்தபோது மாட்டிக்கொண்டது நான்தான்.

சரவண ரவீந்திரன், மனிஷா ஷா என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் எழுதியது. கொரோனா ஊரடங்கின்போது இந்தியாவில் வீட்டுக்குள் பெண்கள் மீதான வன்முறை கூடியதா, கூடியது என்றால் அதற்கு ஊரடங்குதான் காரணம் என்று எப்படி நிரூபிப்பது? இதுதான் கேள்வி. 2020 ஜூலையிலேயே முதல் வடிவம் வெளிவந்துவிட்டது. விரிவாக்கி, 2023-ல் ‘நேச்சர் ஹ்யூமன் பிஹேவியர்’ இதழில் வெளியிட்டார்கள்.

கேள்வி சுலபம் மாதிரி தெரியும். இல்லை. ஊரடங்கு நாடு முழுக்க ஒரே நாளில், 2020 மார்ச் 25 அன்று வந்தது. எல்லாக் கடையும் ஒரே நாளில் மூடினால், வியாபாரம் படுத்ததற்குக் கடையை மூடியது காரணமா, ஜனங்களிடம் காசு இல்லாதது காரணமா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ஒப்பிட்டுப் பார்க்கத் திறந்திருக்கும் கடை ஒன்று வேண்டுமே.

அந்தக் கடையை மத்திய அரசே திறந்து கொடுத்தது. மே மாதத் தொடக்கத்தில் நாட்டின் 733 மாவட்டங்களையும் மூன்று நிறமாகப் பிரித்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? 130 சிவப்பு, 284 ஆரஞ்சு, 319 பச்சை. சிவப்பில் கெடுபிடி அதிகம், பச்சையில் குறைவு. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை உட்பட 12 மாவட்டங்கள் சிவப்பு. எங்கள் திண்டுக்கல்லோடு சேர்த்து 24 ஆரஞ்சு. பச்சை என்று பேர் வாங்கியது கிருஷ்ணகிரி ஒன்றுதான்.

ரவீந்திரனும் ஷாவும் தேசிய மகளிர் ஆணையத்துக்கு வந்த புகார்களை மாவட்டவாரியாக, மாதவாரியாக எடுத்துக்கொண்டார்கள். ஊரடங்குக்கு முன்பும் பின்பும் சிவப்பு மாவட்டங்களில் எவ்வளவு மாறியது, பச்சை மாவட்டங்களில் எவ்வளவு மாறியது என்று கழித்துப் பார்த்தார்கள். ஒரே முதலாளியின் இரண்டு பிராஞ்சுகளில், ஒன்றில் மட்டும் ஷட்டரை இறக்கிவிட்டுக் கணக்குப் பார்ப்பது போல. குறைந்த கெடுபிடி இருந்த மாவட்டங்களோடு ஒப்பிட்டால், அதிகக் கெடுபிடி இருந்த மாவட்டங்களில் 2020 மே மாதத்தில் குடும்ப வன்முறைப் புகார்கள் 131 சதவிகிதம் கூடியிருந்தன. இணையக் குற்றப் புகார்களும் கூடின. ஆனால் பாலியல் வன்கொடுமைப் புகார்கள் குறைந்தன. தெருவில், பஸ்ஸில், வேலை இடத்தில் பெண்கள் இல்லை, அதனால் அங்கே நடப்பது குறைந்தது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

இந்த இடத்தில் எழுந்து நின்று ஒரு கும்பிடு போடத் தோன்றியது. ஏன் என்றால், “வீட்டில் சும்மா இருந்தார்கள், போன் கையில் இருந்தது, அதனால் புகார் கொடுத்தார்கள்” என்று சொல்லும் ஆட்களுக்கு இதிலேயே பதில் இருக்கிறது. ஆணையம் 2020 ஏப்ரலில் புகாருக்கென்று ஒரு வாட்ஸ்அப் எண் கொடுத்தது உண்மை. அந்த எண் சிவப்பு மாவட்டத்துக்கும் ஒன்றுதான், பச்சை மாவட்டத்துக்கும் ஒன்றுதான். போனும் சும்மா இருந்த நேரமும் மட்டுமே காரணம் என்றால் எல்லா வகைப் புகாரும் சேர்ந்தே கூடியிருக்க வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருக்கிறது. ஆக, இது சாமர்த்தியமான வேலை. நேர்மையான வேலையும்கூட.

சரி, இனி என் கெட்ட பழக்கம்.

* * *

முதல் சந்தேகம், அந்த 131.

சதவிகிதம் என்று யாராவது சொன்னால் உடனே “எதில்?” என்று கேட்கச் சொல்லித் தந்தவர் எனக்கு காஸ்ட் அக்கவுன்ட்ஸ் எடுத்த வாத்தியார். நான்கு பூட்டு விற்ற கடை அடுத்த மாதம் எட்டு பூட்டு விற்றால் நூறு சதவிகித வளர்ச்சி. முதலாளி அதற்காக கார் வாங்கிவிட மாட்டார்.

2020-ல் தேசிய மகளிர் ஆணையத்துக்கு வந்த மொத்தப் புகார்கள் 23,722. ஆறு ஆண்டுகளில் அதுதான் அதிகம் என்று அப்போது செய்தி வந்தது. அதில் குடும்ப வன்முறை என்ற தலைப்பில் வந்தவை சுமார் 5,300. இதை 733 மாவட்டங்களுக்குப் பங்கு போடுங்கள். ஒரு மாவட்டத்துக்கு வருஷத்துக்கு ஏழு. மாதத்துக்கு ஒன்றுகூடத் தேறவில்லை! அதிலும் மொத்தப் புகாரில் பாதி உத்தரப்பிரதேசம் என்ற ஒரே மாநிலத்திலிருந்து போனது. மிச்சத்தைத்தான் நாமெல்லாம் பங்கு போட வேண்டும்.

2011 கணக்கெடுப்பின்படி திண்டுக்கல் மாவட்டத்தின் ஜனத்தொகை 21 லட்சத்து 59 ஆயிரத்துச் சொச்சம். வேடசந்தூர் மில்லில் வேலை பார்க்கும் ஒரு பெண், நிலக்கோட்டையில் பூப் பறிக்கும் ஒரு பெண், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி தரம் பிரிக்கும் ஒரு பெண், ராத்திரி அடி வாங்கினால் காலையில் டெல்லிக்குப் புகார் அனுப்புவாளா? டெல்லியில் அப்படி ஓர் ஆணையம் இருப்பதே அவளுக்குத் தெரியுமா?

இன்னொரு கணக்குப் புத்தகமும் இருக்கிறது. தேசிய குடும்ப நல ஆய்வு. வீடு வீடாகப் போய், ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணை மட்டும், பக்கத்தில் யாரும் இல்லாதபோது கேட்டு எழுதுவது. அதன் ஐந்தாவது சுற்றில், கணவனால் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ எப்போதாவது துன்புறுத்தப்பட்டதாகச் சொன்ன பெண்கள் இந்திய அளவில் 29.3 சதவிகிதம். தமிழ்நாட்டில் 38.1. ஆமாம், நாம் அதிகம். படிப்பில், ஆஸ்பத்திரி வசதியில் முன்னால் நிற்கும் மாநிலம் இதிலும் தேசிய சராசரிக்கு முன்னால் நிற்கிறது. கல்யாணமான பெண்கள் நூறு பேர் இருக்கும் தெருவில் முப்பத்தெட்டுப் பேர்.

அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. இப்படி வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் இந்திய அளவில் 14 சதவிகிதம்தான். அந்த 14-லும் பெரும்பாலோர் போனது பிறந்த வீட்டாரிடம். போலீஸுக்குப் போனவர்கள் சொற்பம். ஆணையம், கமிஷன் எல்லாம் அதற்கும் அப்புறம்.

எங்கள் ஊர்க் கடைவீதியில் ஒரு வழக்கம் உண்டு. “பில் வேணுமா, வேணாமா?” என்று கேட்பார்கள். பில் போட்டது மட்டும் கணக்கில் ஏறும். சாயங்காலம் கல்லாவை எண்ணினால் கணக்குக்கும் காசுக்கும் சம்பந்தமே இருக்காது. மகளிர் ஆணையத்தின் புகார் என்பது பில் போட்ட வியாபாரம். இந்தக் கட்டுரை அதை ரொம்பத் துல்லியமாக ஆடிட் செய்திருக்கிறது. ஆனால் நடந்த வியாபாரத்தில் பாதிக்கு மேல் பில் இல்லாமல் நடந்தது.

* * *

இரண்டாவது சந்தேகம். புகார் கூடினால் அடி கூடியது என்று அர்த்தமா?

எப்போதும் இல்லை. நம் மகளிர் காவல் நிலையங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. இந்திய நகரங்களில் இப்படிப்பட்ட நிலையங்கள் வந்தபோது என்ன ஆனது என்று அமரால், பலோத்ரா, பிரகாஷ் என்ற மூன்று ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். பெண்களுக்கு எதிரான குற்றங்களின் பதிவு 29 சதவிகிதம் கூடியது. அதுவும் பெரும்பாலும் குடும்ப வன்முறைப் பதிவுகள். பெண் போலீஸைப் பார்த்ததும் ஆண்கள் அதிகம் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று யாராவது சொல்வார்களா? அடி அதேதான். சொல்ல ஓர் இடம் கிடைத்தது.

தலைகீழாகவும் நடக்கும். அமெரிக்காவின் சிகாகோவில் ஊரடங்கின்போது குடும்பச் சண்டை என்று போலீஸுக்கு வந்த போன்கள் கூடின. போலீஸார் குற்றமாகப் பதிவு செய்ததும், கைதுகளும் குறைந்தன. ஒரே ஊர், ஒரே மாதம். போன் ரெஜிஸ்டரைப் பார்த்தால் ஒரு முடிவு, எஃப்.ஐ.ஆர். ரெஜிஸ்டரைப் பார்த்தால் நேர் எதிர் முடிவு. தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகள் 2020 ஏப்ரல் முதல் ஜூலைக்குள் 48 சதவிகிதம் கூடியதாக இன்னொரு ஆய்வு. அழைப்பைத்தான் எண்ண முடியும். அழைக்க முடியாதவளை எப்படி எண்ணுவது?

ஒரு விஷயத்தை யோசியுங்கள். ஊரடங்கில் புகார் கொடுப்பது எவ்வளவு கஷ்டம்? பத்துக்குப் பன்னிரண்டு அறை. அதே அறையில் அவன். போனில் பேசினால் கேட்கும். மெசேஜ் அனுப்பினால் பார்ப்பான். சொந்தமாகப் பயன்படுத்த ஒரு கைபேசி வைத்திருக்கும் பெண்களே இந்தியாவில் 54 சதவிகிதம்தான் என்கிறது அதே குடும்ப நல ஆய்வு. அத்தனையையும் தாண்டிப் புகார் கூடியிருக்கிறது என்றால், உள்ளே நடந்தது 131-ஐ விட எத்தனை மடங்கு என்பதுதான் கேள்வி. ஆக, இந்த எண் மிகை என்று நான் சண்டை போடவில்லை. இது போதாது என்றுதான் சண்டை.

* * *

மூன்றாவது சந்தேகம் என்னுடையது அல்ல. பக்கத்து வீட்டுப் பெண்ணுடையது.

கருவேப்பிலைக்கு வந்துவிட்டேன்.

அம்மாவைப் பார்க்க இரண்டு நாள் என்று சென்னையிலிருந்து திண்டுக்கல் வந்தவன், மார்ச் 24 சாயங்காலம் மாட்டிக்கொண்டேன். இரண்டு நாள் எழுபது நாள் ஆனது. அம்மா இருப்பது ஒரு காம்பவுண்டு வீட்டில். ஆறு குடித்தனம், ஒரு குழாய், ஒரு துணி துவைக்கிற கல். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் “நூறு வயசு” சொல்லலாம்.

பக்கத்து வீட்டில் ஒரு சின்னக் குடும்பம். அவள் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தாள். விடியக் காலையில் மில் வேன் வந்து ஹாரன் அடிக்கும். அவன் வெல்டிங் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தவன். ஒரு பெண் குழந்தை. ஊரடங்குக்கு முன்னால் அவனும் அவளும் சேர்ந்து முழித்திருந்த நேரம் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் இருந்தால் அதிகம். வேன் நின்றது, பட்டறை மூடியது. நான்கு மணி நேரம் இருபத்து நான்கு மணி நேரமானது.

மூன்றாவது வாரத்தில் சுவர் பேச ஆரம்பித்தது. முதலில் பாத்திரம் விழும் சத்தம். அப்புறம் அவன் குரல். அப்புறம் அவள் குரல் இல்லாத சத்தம். அதுதான் மோசம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? டி.வி. சத்தத்தைக் கூட்டினேன்.

பெண்ணுரிமை, மனித உரிமை என்று பத்திரிகையில் வாரா வாரம் பக்கம் நிரப்புகிற ஆள், ரிமோட்டை எடுத்து வால்யூமை ஏற்றினேன். ‘அடுத்த வீட்டு விவகாரம்’, ‘நாளைக்கு அந்த மூஞ்சியில் முழிக்கணும்’, ‘நாம கேட்டா அவளுக்குத்தான் இன்னும் விழும்’. காரணமா கிடைக்காது? வரிசையாக வந்து நின்றன.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். முந்தானையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டாள், கொரோனா காலம் இல்லையா. வெளியே போய்க் கதவைத் தட்டினாள். “கொஞ்சம் கருவேப்பிலை இருக்காத்தா?”

சத்தம் நின்றது. கதவு திறக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவன்தான் திறந்தான். “இந்நேரத்துல என்ன பெரியம்மா?” “புள்ளைய வரச் சொல்லுப்பா, அவளுக்குத்தான் எங்க இருக்குன்னு தெரியும்.” அவள் வந்தாள். கருவேப்பிலையைக் கொடுத்தாள். அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்து அரிசி விலை, ரேஷனில் கொடுத்த ஆயிரம் ரூபாய், மில் எப்போது திறக்கும் என்று அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தாள். அதற்கப்புறம் அந்த ஏப்ரலில் மோர், தீப்பெட்டி, தலைவலித் தைலம் என்று எங்கள் வீட்டில் என்னென்னவோ தீர்ந்துபோனது.

மறுநாள் குழாயடியில் அம்மா கேட்டது என் காதில் விழுந்தது. “உங்கம்மா வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துட்டு வரலாம்லத்தா?”

“எப்படிப் பெரியம்மா போறது? பஸ்ஸா ஓடுது? புள்ளையத் தூக்கிட்டு நத்தத்துக்கு நடந்தா போக முடியும்?”

“ஸ்டேஷன்ல சொல்லலாம்ல?”

“சொல்லிட்டுத் திரும்ப இந்த வீட்டுக்குத்தான பெரியம்மா வரணும்?”

இந்த இரண்டு பதில்களையும் எந்த ஆராய்ச்சிக் கட்டுரைக்கும் முன்னால் வைக்கலாம். ‘கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போறது’ என்று நாம் சினிமாவில் காமெடியாக வைக்கும் விஷயம் இருக்கிறதே, அது காமெடி இல்லை. மகளிர் ஆணையம், உதவி எண், காவல் நிலையம் எல்லாம் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே நம் பெண்களுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு ஏற்பாடு அது. பத்து நாள் போய் இருப்பாள். அவன் சொந்தக்காரர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கையைப் பிசைந்து நிற்பான். மாமனார் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்பார். பிரச்னை தீர்ந்துவிடாது. ஆனால் அடுத்த அடிக்கு முன்னால் அவன் கொஞ்சம் யோசிப்பான். குடும்பத்துக்குள் யார் கை ஓங்கும் என்பது, வெளியேறிப் போக யாருக்கு வழி இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று பொருளாதார நிபுணர்கள் சமன்பாடு போட்டுச் சொல்வதும் இதைத்தான். நத்தம் போகிற டவுன் பஸ்தான் அவளுடைய வெளியேறும் வழி.

இப்போது அந்த நிறங்களுக்குத் திரும்புவோம். மத்திய அரசின் மே மாத விதிப்படி பச்சை மாவட்டத்தில் பாதி ஆட்களோடு பஸ் ஓடலாம். ஆரஞ்சில் பஸ் கூடாது. சிவப்பிலும் கூடாது. ஆக, டாக்ஸி பிடிக்க வசதி உள்ளவருக்குத்தான் ஆரஞ்சு என்பது ஆரஞ்சு. பஸ்ஸை நம்பி இருப்பவளுக்கு அது சிவப்பு. தமிழ்நாட்டில் அரசு பஸ்கள் ஜூன் 1-ம் தேதிதான் ஓட ஆரம்பித்தன. அப்படியானால் பச்சை என்று பேர் வாங்கிய கிருஷ்ணகிரிப் பெண்ணுக்கும் மே மாதம் முழுக்கச் சிவப்புதான். மாவட்டத்தின் நிறம் டெல்லியில் இருந்த காகிதத்தில் வேறு, பஸ் ஸ்டாண்டில் வேறு. காகித நிறத்தை வைத்துத்தான் கட்டுரை கணக்குப் போட்டது. பஸ் அட்டவணையை வைத்து யாராவது போட்டால் என்ன வரும் என்று பார்க்க எனக்கு ஆசை.

* * *

“எல்லாம் குடியால வர்றது சார்” என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது.

குடிக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். குடும்ப நல ஆய்வில், அடிக்கடி போதையில் வரும் கணவனைக் கொண்ட பெண்களில் 70 சதவிகிதம் பேர் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். குடிக்கவே குடிக்காத கணவன் என்றால் 23 சதவிகிதம். வித்தியாசம் மூன்று மடங்கு. ஆனால் அந்த 23-ஐ கொஞ்சம் பாருங்கள். நாலில் ஒருத்தி, சொட்டுக்கூடக் குடிக்காதவனிடம் அடி வாங்கியிருக்கிறாள். டாஸ்மாக் 2020 மார்ச் 24 முதல் மே 6 வரை மூடிக் கிடந்தது. எங்கள் ஒற்றைச் செங்கல் சுவர் பேசியதெல்லாம் அந்த நாட்களில்தான். மே 7-ல் கடை திறந்தபோது ஒரே நாளில் சுமார் 170 கோடி ரூபாய்க்கு விற்பனை என்று செய்தி வந்தது. ரேஷன் கார்டுக்கு ஆயிரம் கொடுத்ததும் அரசுதான், கடையைத் திறந்ததும் அரசுதான். பற்று, வரவு சரியாகப் போயிருக்கும்.

“வேலை போன விரக்தி” என்பார்கள். இதிலும் ஆராய்ச்சிகள் ஒரே குரலில் பேசவில்லை. இங்கிலாந்தில் ஆண்களின் வேலையின்மை கூடினால் வன்முறை குறைவதாகவும், பெண்களின் வேலையின்மை கூடினால் வன்முறை கூடுவதாகவும் ஓர் ஆய்வு சொன்னது. பிரேசிலில் இருவரில் யார் வேலை இழந்தாலும் கூடுகிறது என்றது இன்னொன்று. வேலையிழப்பு உதவித்தொகை வந்துகொண்டிருந்த மாதங்களில்கூட அங்கே நிலைமை தேறவில்லை. காசு கொஞ்சம் கையில் இருந்தாலும், சேர்ந்து அடைபட்டுக் கிடக்கும் நேரம் கூடினால் ஆபத்து கூடுகிறது என்று நான் புரிந்துகொண்டேன். எங்கள் காம்பவுண்டில் இரண்டு வேலையும் ஒரே வாரத்தில் போயிருந்தன.

நோய்தான் என்று இல்லை. மழை பொய்த்தாலும் இதே கதைதான். ஒரு மாவட்டத்தில் மழை வழக்கத்தைவிட நன்றாகக் குறைந்த வருஷங்களில் வரதட்சணைச் சாவுகளின் பதிவு சுமார் 7.8 சதவிகிதம் கூடியதாக செக்ரி, ஸ்டோரிகார்டு என்ற இருவர் 2014-ல் எழுதினார்கள். வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரி நிலம் வைத்திருப்பவர்களுக்கு மழை வழக்கத்தைவிடக் குறையும் வருஷம் எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கணக்கும் கடைசியில் வீட்டுக்குள்ளேதான் வந்து முடிகிறது.

எங்கள் ஊர் பெயரில் ஓர் ஒப்பந்தம் இருப்பது தெரியுமா? ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’. 2021 ஜனவரியில் இங்கே ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த தலித் பெண் கொல்லப்பட்டதை அடுத்து, தொழிற்சங்கமும், நிறுவனமும், வெளிநாட்டு பிராண்டுகளும் 2022-ல் கையெழுத்துப் போட்டது. வேலையிடத்தில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க, தொழிலாளிப் பெண்களே கண்காணிக்கும் ஏற்பாடு. நல்ல விஷயம். ஆனால் ஷிஃப்ட் முடிந்து வேன் அவளை எங்கே இறக்கிவிடுகிறதோ, அங்கே எந்த ஒப்பந்தமும் இல்லை.

* * *

நான் படித்ததில் என்னைக் குத்திய ஆராய்ச்சி லண்டனிலிருந்து வந்தது. அங்கேயும் ஊரடங்கில் கூடவே வாழும் துணையால் வரும் துன்புறுத்தல் பற்றிய புகார்கள் சுமார் 8 சதவிகிதம் கூடின. பிரிந்துபோன பழைய துணையால் வருவது குறைந்தது. அதோடு இன்னொன்றையும் கவனித்தார்கள். கூடுதலாக வந்த அழைப்புகளில் பெரும்பங்கு பாதிக்கப்பட்டவர்கள் செய்தது அல்ல, மூன்றாம் நபர்கள் செய்தது. அதிலும் வீடுகள் நெருக்கமாக இருக்கும் பகுதிகளில். சுவர் வழியாகக் கேட்டவர்கள் போனை எடுத்திருக்கிறார்கள். நான் ரிமோட்டை எடுத்தேன்.

2008-ல் ‘பெல் பஜாவோ’ என்று ஒரு விளம்பரப் பிரசாரம் வந்தது. பக்கத்து வீட்டில் ஒருத்தி அடி வாங்கும் சத்தம் கேட்டால், போய்க் காலிங் பெல்லை அடி. எதையாவது இரவல் கேள். அவ்வளவுதான். அம்மா அதைப் பார்த்ததில்லை. காம்பவுண்டில் நாற்பது வருஷம் குடியிருந்ததில் தெரிந்தது.

சட்டமும் அம்மா பக்கம்தான். 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2006 அக்டோபரில் அமலுக்கு வந்தது. அதன் 4-வது பிரிவு, இப்படி நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம் என்கிறது. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது சிவில், கிரிமினல் எந்தப் பொறுப்பும் வராது. அதாவது, ‘நமக்கு எதுக்கு வம்பு’ என்ற வசனத்தை நாடாளுமன்றமே ரத்து செய்துவிட்டது. இந்தப் பாதுகாப்பு அலுவலர் மாவட்டத்தில் சமூக நலத் துறையில் இருப்பார். பெண்களுக்கான உதவி எண் 181. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் நம்பர் எல்லாம் வைத்திருக்கிறோம்.

ரவீந்திரன், ஷா கட்டுரையில் நான் கடைசியாகச் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி. ஊரடங்கு தளர்ந்த பிறகு மற்ற வகைப் புகார்கள் பழைய நிலைக்கு வந்துவிட்டன. குடும்ப வன்முறைப் புகார் மட்டும் ஒரு வருஷம் கழித்தும் இறங்கவில்லை. கடை திறந்தது, பஸ் ஓடியது, மாஸ்க் கழன்றது. ஓங்கிப் பழகிய கை மட்டும் இறங்கவில்லை. இதற்குப் பில் போட்ட கணக்கே போதும். அடுத்த தொற்று வரும்போது கட்டில், ஆக்ஸிஜன், தடுப்பூசி என்று பட்டியல் போடும் அதிகாரிகள், ‘அம்மா வீட்டுக்குப் போக ஒரு பஸ்’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். மருந்துக் கடை மாதிரி அதுவும் அத்தியாவசியம்.

ஜூனில் இ-பாஸ் கிடைத்து நான் சென்னை திரும்பினேன். அடுத்த முறை ஊருக்குப் போனபோது பக்கத்து வீட்டில் வேறு குடித்தனம். திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார்களாம். “அந்தப் புள்ள எப்படி இருக்கும்மா?” என்று கேட்டேன்.

“எனக்கென்ன தெரியும்? அங்கன பக்கத்து வீட்ல யாரு இருக்காகளோ” என்றாள் அம்மா.